மறைந்து நின்று பாடிய மலைக்கோட்டையார்

திருச்சிராப்பள்ளியின் இசைப் பெருமையைப் பேசுவோர் எம். கே. தியாகராஜ பாகவதரைப் போற்றி அமைவர். அவ்வூரினரேயாகிய திருச்சி லோகநாதனாரை நினைப்பவர் சிலரே. ஆதலின் அவருடைய பாட்டு வாழ்வினைச் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

முன்னாளில் நடிப்பவரே பாடுதல் வழக்கம். பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) மூன்று தீபாவளி கண்டதற்கு, முகமும் குரலும் ஒருவர்க்கே உரியவாயிருந்தமையும் ஒரு காரணமாம். ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் பின்னணி முறை 1938-ல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் தமிழிற் புகுந்து, நாளடைவில் நிலைபெற்றது. குரலுடையார்க்கு அதனால் ஊதியம் கிடைத்தது. முகமோ திரைக்குப் பின்னே மறைந்தது.

லோகநாதனார் 1924-ஆம் ஆண்டில், மலைக்கோட்டைப் பகுதியில் நகைத்தொழில் புரிந்த ஒருவர்க்கு மகனாராய்த் தோன்றினார். ஸ்ரீரங்கத்திற்கு வடக்கே, கொள்ளிடத்தின் அக்கரையிலுள்ள பிச்சாண்டார்கோவிலிற் பிறந்தவர் ஜி. ராமநாதனார். அவருடைய மெட்டுக்களில் லோகநாதனாரின் உள்ளம் இளமையிலேயே தோய்ந்தது. அவ்விசையமைப்பாளரே 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வெளியிட்ட 'மந்திரி குமாரி'யில் அவர்க்குப் பெரும்புகழ் தேடித் தந்தார். மனைவியை மலையுச்சியினின்று தள்ளக் கருதிய வஞ்சகன், இன்சொற் கூறி அவளை அழைத்தேகுங்கால் பாடும் பாட்டு அது. வஞ்சம் உள்ளே மறைய, அன்பே புறத்தே தோன்றுமாறு அக்குரல் குழைந்தது. திரையில் வாயசைத்தவர் எஸ். ஏ. நடராஜன், உடன் பாடியவர் ஜிக்கி.

அந்நாளில் பாடுவோரும் வாத்தியக்காரரும் ஒருங்கு கூடியே ஒலிப்பதிவு செய்தனர். ஒருவர் தவறின் அனைவரும் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். அத்தகைய உழைப்பில் எழுந்தனவே பின்வரும் பாட்டுக்களும். 1957-ல் வந்த 'மாயா பஜா'ரில் கலியாண விருந்தைக் கண்டு களிக்கும் கடோற்கசனுக்கு, தெலுங்கில் மாதவபெத்தி சத்யம் குரல் தந்தார். தமிழில் நம்மவர் தந்தார். 1958-ல் கே. வி. மகாதேவன் இசையமைத்த 'தை பிறந்தால் வழி பிறக்கும்' படத்தின் ஓடப் பாட்டிலோ அதே குரல் வாழ்வின் அலைச்சலை எண்ணி உருகிற்று.

இனி ஒரு செய்தி. 'தூக்குத் தூக்கி' (1954) படத்திற்குப் பேசிய ஊதியத்தைக் குறைக்க இசையாத லோகநாதனார், மதுரையினின்று வந்த புதியவரைப் பாடச் செய்யுமாறு கூறினர் என்று திரையுலகத்தார் சொல்வர். அப்புதியவரே டி. எம். சௌந்தரராஜனார். சிவாஜி கணேசனுக்கு அவர் குரலே பின்னர் நிலையாய் அமைந்தது. பிடிவாதத்தால் நல்வாழ்வை இழந்தார் லோகநாதனார் என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதுகிலேம். தம் தொழிலின் மதிப்பைத் தாழ்த்தாமையும், மற்றொருவர் உயர வழிவிட்டமையும் குற்றமாகா. இழப்பு நேர்ந்தது உண்மையே; இழிவு நேர்ந்திலது.

அவர் 1989-ல் மறைந்தார். மைந்தர் டி. எல். மகாராஜனாரும் பாடகரே.

கடோற்கசன் பாட்டு இன்றும் கலியாணப் பந்திகளில் ஒலிக்கின்றது. கேட்டு மகிழும் சிறார்க்கு, அதைப் பாடியவர் மலைக்கோட்டையில் வளர்ந்த லோகநாதனார் என்பதனைப் பெரியோர் எடுத்துரைப்பாராக.