இறங்காமல் போகும் உரிமை



தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போவதென்றால், "எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறோம். நம் பாட்டன்மார் காலத்தில் அதோடு இன்னொரு கேள்வியும் இருந்தது: "போக விடுவார்களா?" கெடாவில் கார் இல்லாதவர்களின் பயண வரலாறு இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கும்.

கெடா 1909ஆம் ஆண்டு வரை சயாமின் மேலாட்சியில் இருந்தது. அவ்வாண்டு ஒப்பந்தத்தால் பிரிட்டிஷார் வசம் வந்தது. பிறகு பிறையிலிருந்து வடக்கே இருப்புப்பாதை நீண்டது. 1915இல் ரயில் அலோர் ஸ்டாரை எட்டியது. 1918இல் பாடாங் பெசாரில் சயாம் பாதையோடு இணைந்தது. பினாங்கில் கப்பலிறங்கிய தமிழர்கள், சுங்கை பட்டாணி, பீடோங், குருண் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குச் செல்ல இந்த ரயில் வழி திறந்தது.

ஸ்டேஷனிலிருந்து லயம் வரை நடைதான், இல்லையென்றால் மாட்டுவண்டி. காசு சேர்த்தவர் சைக்கிள் வாங்கினார். ஆனால் அந்தச் சைக்கிளுக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பல தோட்டங்களில், துரை எதிரே வந்தால் தொழிலாளி இறங்கி நிற்கவேண்டும்! 1941இல் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இந்த வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றும் கோரினார்கள். அரசு படையை அழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை கெடாவுக்குள் புகுந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷ் அரண் உடைந்தது. வென்ற படையினரில் பலர் சைக்கிளிலேயே தெற்கு நோக்கி விரைந்தார்கள்.

அடுத்து ரயிலுக்கும் கெட்ட காலம் வந்தது. 1943இல் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டு, வடக்கே சயாமுக்கு, மரண ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். பிழைப்புக்கு வழி தந்த தண்டவாளமே பலரைத் திரும்பாத இடத்துக்கு அழைத்துச் சென்றது. பாதை எப்படிப்பட்டது என்பதைவிட, அதில் யாருடைய விருப்பத்தின்பேரில் போகிறோம் என்பதே பெரிது என்பதை அந்த ஆண்டுகள் கற்பித்தன.

காலம் மாறியது. 2015 முதல் இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடுகிறது. சுங்கை பட்டாணி, குருண், அலோர் ஸ்டார் நிலையங்களில் ஏறி, பட்டர்வொர்த்துக்கோ பாடாங் பெசாருக்கோ போகலாம். நம்மை அனுப்புவதற்கும் தடுப்பதற்கும் இப்போது யாருமில்லை.

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சைக்கிளில் பள்ளிக்குப் புறப்படும்போது ஒன்றைச் சொல்லிவையுங்கள். இறங்காமல் போகும் உரிமை தானாக வந்ததில்லை. அதைக் கேட்டு வாங்க நின்றவர்கள் நம்மைப் போன்ற தோட்டத்து மக்கள்தாம்.