பிரானூரில் என்ன பார்டர்?

சாரல் ஆரம்பித்துவிட்டால் போதும், சென்னையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். "குற்றாலம் வர்றோம், எங்கே குளிக்கலாம், எங்கே சாப்பிடலாம்?" நானும் வழக்கமான பாட்டைப் பாடுவேன். சனி, ஞாயிறு வேண்டாம். பேரருவிக்கு விடியுமுன்னே போய்விடுங்கள். மங்குஸ்தானை அழுத்திப் பார்த்து வாங்குங்கள். தோல் கல் மாதிரி இருந்தால் உள்ளே சுளை நன்றாக இருக்காது. ராத்திரிக்குப் பிரானூர் போய் பார்டர் கடையில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும்.

போன சீசனில் தங்கை பேரன் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, கேரளா பார்டர் புளியரைக்கு அந்தப் பக்கம்லா இருக்கு. பிரானூர்ல ஏது பார்டர்?"

நியாயமான கேள்விதான். இப்போது அங்கே கண்ணில் படுவதெல்லாம் மரக்கடைகளும் அறுவை மில்களும்தான். ஆனால் 1956 அக்டோபர் 31 வரை எல்லை அங்கேதான் இருந்தது. இந்தப் பக்கம் தென்காசியும் குற்றாலமும் சென்னை ராஜ்யம். அந்தப் பக்கம் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். 1949 ஜூலை முதல் திருவிதாங்கூர்-கொச்சி. வாஞ்சிநாதன்கூட அந்தக் கணக்கில் திருவிதாங்கூர்க்காரர்தான்.

எங்கள் அம்மா பிறந்தது செங்கோட்டை, வாக்கப்பட்டது தென்காசி. இடையே இரண்டு மணி நேர நடைதான். ஆனாலும் அம்மாவைப் பொறுத்தவரை அது வேறு தேசம். அங்கே மகாராஜா, இங்கே கலெக்டர். அங்கே காசு சக்கரம்; 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு சமஸ்தான ரூபாய். இங்கே அணா, பைசா. தபாலுக்குச் சமஸ்தானத்துக்குள் 'அஞ்சல்' என்று தனி இலாகாவே இருந்தது. (அந்தச் சொல்தான் இன்று நம் தபால் நிலையப் பலகைகளில் இருக்கிறது.) தலைப்பிரசவத்துக்குப் போன அம்மாவிடம் ஆச்சி ஒரு சுருக்குப்பை நிறையச் சக்கரம் கொடுத்தனுப்பினாளாம். தென்காசி கடைத்தெருவில் அதற்கு ஒரு கட்டு வெற்றிலைகூடக் கிடைக்கவில்லை என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள்.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க நேசமணி முதலானோர் போராடியது எல்லோருக்கும் தெரியும். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. அந்தத் தாலுகாவைப் பிளந்துதான் கொடுத்தார்கள். ஊரும் வயலும் நமக்கு. ஆரியங்காவு, தென்மலைக் காடுகள் கேரளத்துக்கு.

எனக்கு அப்போது எட்டு வயது. செங்கோட்டையில் வெடி போட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா அடுக்களையில் அழுதுகொண்டிருந்தாள். பெரிய மாமா ஆரியங்காவு பக்கம் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. நேற்றுவரை அவர் பிறந்த வீட்டோடு ஒரே சர்க்கார். அன்றைக்கு அம்மா வீடு இந்தப் பக்கம் வந்தது, மாமா அந்தப் பக்கமே நின்றுவிட்டார். அவர் பிள்ளைகள் மலையாளத்தில் படித்தார்கள். இப்போது கல்யாணக் கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி, பீரோவிலிருந்து அந்தச் சுருக்குப்பையை எடுத்துப் பேரனிடம் காட்டினேன். சங்கு போட்ட செப்புக் காசுகள், பதினொன்று மிச்சம். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் வச்சுக்கவா தாத்தா?"

வைத்துக்கொள் என்றேன். இப்போது பத்து இருக்கிறது.