எட்டு கம்பெனிகள் சேர்ந்து எழுதிய கோப்பு

1980களின் நடுப்பகுதி வரை வண்ண அச்சில் நிறத்துக்குப் பொறுப்பு டிரம் ஸ்கேனர் ஆபரேட்டர்தான். ஜெர்மனியின் கீல் நகரில் ருடால்ஃப் ஹெல்லின் நிறுவனமும் இங்கிலாந்தில் கிராஸ்ஃபீல்டும் செய்த அந்த ராட்சச இயந்திரங்கள், ஸ்லைடைப் படிக்கும்போதே சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்காகப் பிரித்து ஃபிலிமாகக் கொடுத்துவிடும். அது எந்த அச்சகத்துக்குப் போகிறது, அங்கே புள்ளி எவ்வளவு பருக்கும், தாள் எவ்வளவு மை குடிக்கும் என்பதெல்லாம் ஆபரேட்டருக்கு அத்துப்படி. அதற்கேற்பக் குமிழ்களைத் திருகி வைப்பார். நிறம் பற்றிய அறிவு அவர் விரல்களில் இருந்தது. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

1985இல் பேஜ்மேக்கரும் ஆப்பிளின் லேசர்ரைட்டரும் வந்தன; 1990இல் ஃபோட்டோஷாப். ஸ்கேன் ஓர் இடம், வடிவமைப்பு ஓர் இடம், அச்சு வேறோர் ஊர் என்றானது. கோப்பு பயணம் போனது, கைப்பக்குவம் கூடப் போகவில்லை. சியான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 என்று அனுப்பினால் ஓர் அச்சகத்தில் சாம்பல் வரும், இன்னொன்றில் பழுப்படிக்கும். அந்த எண்கள் மை எவ்வளவு என்று மட்டும்தான் சொல்கின்றன. கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று சொல்வதில்லை.

கண்ணுக்கான கணக்கு எப்போதோ தயாராக இருந்தது. ரைட், கில்ட் என்ற இரு ஆய்வாளர்கள் முறையே 10 பேரையும் 7 பேரையும் வைத்து இங்கிலாந்தில் தனித்தனியே செய்த சோதனைகளிலிருந்து, சராசரிப் பார்வைக்கான எண்களை சிஐஈ என்ற சர்வதேச ஒளியமைப்பு ஆணையம் 1931இலேயே வகுத்துவிட்டது. 17 பேரின் கண்களை நம்பித்தான் உலகத்தின் அச்சு இன்னும் ஓடுகிறது! 1976இல் அதிலிருந்து லேப் அளவை வந்தது. ஒவ்வொரு கருவியும் தன் எண்களை இந்தப் பொது அளவைக்கு மாற்றிச் சொன்னால் போதும். 10 ஸ்கேனர், 10 அச்சு இயந்திரம் இருந்தால் 100 மாற்று அட்டவணைகள் வேண்டியதில்லை, 20 போதும். ஒரு கருவியின் மாற்று அட்டவணையைத் தாங்கும் கோப்புதான் புரொஃபைல்.

1993இல் ஆப்பிள் இதை கலர்சிங்க் என்ற பெயரில் மேக்கில் கொண்டுவந்தது. ஆனால் மேக்கில் மட்டும் திறக்கும் கோப்பால் யாருக்கு லாபம்? அதே ஆண்டு ஆப்பிள், அடோபி, அக்ஃபா, கோடக், மைக்ரோசாஃப்ட், சிலிக்கான் கிராஃபிக்ஸ், சன், டாலிஜென்ட் ஆகிய எட்டும் ஐசிசி என்ற சர்வதேச வண்ணக் கூட்டமைப்பில் கைகோத்தன. சந்தையில் முட்டிக்கொண்டவர்கள் நிறத்துக்காக ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பிறப்பின் தழும்பு இன்றும் இருக்கிறது: விண்டோஸில் உருவாக்கிய புரொஃபைலானாலும் அதன் 128 பைட் தலைப்பகுதியில் 'ஏசிஎஸ்பி' என்ற நான்கெழுத்து இருந்தே தீரும். ஆப்பிள் கலர்சிங்க் புரொஃபைல் என்பதன் சுருக்கம் அது.

புரொஃபைல் செய்ய, நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்கள் கொண்ட தாளை இயந்திரத்தில் ஓட்டி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் ஒவ்வொன்றாக அளப்பார்கள். இங்கேதான் சிக்கல். அளந்த அன்று இயந்திரம் இருந்த நிலைதான் கோப்பில் பதிவாகிறது. மறுநாள் தண்ணீர்-மை சமநிலை நழுவினாலோ மையைத் தாளுக்குக் கடத்தும் பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்பு தேய்ந்தாலோ கோப்பு பொய்யாகிவிடும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிப் புரொஃபைல் என்ற முதல் கனவு, ஆஃப்செட்டில் பெரும்பாலும் இப்படித்தான் உடைந்தது.

ஆகவே வழி தலைகீழானது. 1996இல் வந்த ஐஎஸ்ஓ 12647-2 என்ற அச்சுத் தரநிலை, இன்ன வகைத் தாளில் முழு மையின் லேப் மதிப்பு இவ்வளவு, புள்ளிப் பருமன் இவ்வளவு என்று இலக்கு வைத்தது. இனி அச்சகம்தான் புரொஃபைலைத் தேடி வர வேண்டும். என்னைக் கேட்டால், ஐசிசி கோப்பு அச்சகத்துக்குள் உண்மையில் பிறந்தது அப்போதுதான். மியூனிக்கின் ஃபோக்ரா ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'ஃபோக்ரா 39' அளவுகள் பல நாடுகளில் பொது இலக்காயின. பிறகு தாள் ஆலைகள் வெண்மை கூட்ட ஒளிர்வூட்டிகளை அள்ளிச் சேர்த்ததில் தாளின் நிறமே மாறிவிட, 2015இல் 'ஃபோக்ரா 51' வெளியானது.