கூரைக்குள் இருக்கும் கரி

இந்த இழை ஒரு வீட்டைப் பத்தி. எழுதுறது டாக்டர்ங்கிறதால நடுவுல கொஞ்சம் சளி, சைனஸ் எல்லாம் வரும். பொறுத்துக்கோங்க.

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட், சசெக்ஸ் பக்கம், 1400களில் வசதியான விவசாயிகள் மரச்சட்டம் வைத்துக் கட்டிய பண்ணை வீடுகள் நிறைய நிற்கின்றன. அவற்றில் சில இன்று ஒரே கூரையின் கீழ் ரெண்டு மூணு குடித்தனங்கள். ஒரே வீட்டை எப்படிப் பிரிச்சாங்க? பதில் புகைபோக்கியில் இருக்கு.

முதலில் அந்த வீட்டில் புகைபோக்கியே கிடையாது! நடுவில் பெரிய கூடம். மாடி இல்லை, நிமிர்ந்து பார்த்தால் நேரே கூரைதான். கூடத்தின் தரையிலேயே நெருப்பு எரியும். புகை மேலே போய் கூரை இடுக்கு வழியாக மெல்லக் கசியும். சசெக்ஸில் சிங்கிள்டன் அருங்காட்சியகத்தில் 'பேலீஃப்' என்ற பண்ணை வீட்டில் இதை நேரில் பார்க்கலாம். கென்ட்டில் நீர்த்தேக்கம் வரப்போகுதுன்னு 1960களில் மரம் மரமாகப் பிரித்து எடுத்துவந்து இங்கே நிறுத்திய வீடு அது.

அந்தப் புகைக்குள்ள வாழ்ந்தவங்க உடம்பு என்னாச்சு? யார்க்‌ஷரின் வாரம் பெர்சி கிராமத்தில் கிடைத்த இடைக்கால மண்டையோடுகளை ஆராய்ந்தப்போ, சுமார் 39% பேருக்கு கன்னத்து எலும்பின் உள்ளே சைனஸ் அழற்சியின் தடயம். யார்க் நகரத்தில் 55%. பல் சொத்தையும் குளிரும் கூட இதுக்குக் காரணமாகலாம், புகை மேல மட்டும் பழி போட மாட்டேன். ஆனா பீடி, சிகரெட்டைத் தொடாமலே விறகடுப்புப் புகையால் மூச்சிரைக்க வரும் அம்மாக்களைப் பார்க்கும் எனக்கு இது ஆச்சரியமா இல்லை.

1500களில் செங்கல் புகைபோக்கி பரவுது. 1577-ல் வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் எழுதினார்: புகை இருந்த காலத்தில் தலைவலியே இல்லையாம், புகைபோக்கி வந்த பிறகுதான் சளி, ஜலதோஷமாம்! அன்னைக்கே வாட்ஸ்அப் ஃபார்வர்டு 😀

புகை போனதும் கூடத்துக்குக் குறுக்கே தளம் போட்டாங்க. மாடி அறைகள் வந்துடுச்சு. நடுவில் நின்ற புகைபோக்கிக்கு முதுகோடு முதுகாக இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு. பின்னாளில் பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்தப்போ சில வீடுகளுக்குப் பெரிய விவசாயி தேவைப்படலை. கூலிக்காரக் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். புகைபோக்கியை ஒட்டி ஒரு சுவர், புதுசா ஒரு வாசல், அவ்வளவுதான். ஆளுக்கொரு அடுப்பு ஏற்கெனவே இருந்ததே.

இப்ப மேல பரணுக்குப் போங்க. டார்ச் அடிச்சா, பழைய கூடத்துக்கு மேலே உள்ள கூரை மரங்கள் மட்டும் கரிக்கருப்பா இருக்கும். மறைப்பு இருந்த ஓரத்து அறைகளுக்கு மேலே மரம் மரமாவே இருக்கும். டெவனில் சில கூரைகளின் அடி வைக்கோலில்கூட அந்தக் கரி இருக்கு, இடைக்காலக் கோதுமைக் கதிரோடு. தாவரவியல் ஆராய்ச்சியாளர்களுக்கு அது பொக்கிஷம்.

வீட்டைப் புதுப்பிக்கிறேன்னு வர்ற காண்ட்ராக்டர் மணல் பீய்ச்சி அந்த மரத்தைப் பளிச்சுனு ஆக்கிட்டார்னா, இங்கே திறந்த கூடம் இருந்ததுன்னு சொல்ற முக்கியமான சாட்சி போயிடும். பரணின் நடுவே தடுப்புச் சுவர் வேற. கரியில் பாதி இந்த வீட்டுக்காரருக்கு, மீதி பக்கத்து வீட்டுக்கு. ஒருத்தர் துடைச்சாலும் பாதி போச்சு.