யாரிடம் சொல்வது? இந்தியாவில் உளச்சிகிச்சையும் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும்

மனத்தில் சுமை கூடியவர் முன் இன்று இரண்டு கேள்விகள் நிற்கின்றன. உளச்சிகிச்சைக்குச் செல்ல வேண்டுமா? செல்வதாயின் யாரிடம் செல்வது? இக்கேள்விகளைத் துன்புறுபவரே கேட்டு, அவரே முடிவெடுக்கும் நிலை இந்திய வரலாற்றில் மிக அண்மையது. நெடுங்காலம் அந்த முடிவு பிறர் கையில் இருந்தது.

காலனிய அரசு 1858ஆம் ஆண்டு இயற்றிய சட்டங்களும், பின்னர் வந்த 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டமும் மனநோயை முதன்மையாகக் காவலுக்குரிய பொருளாகவே நோக்கின. உறவினரின் விண்ணப்பம், மருத்துவச் சான்று, நடுவரின் ஆணை ஆகியவையே பெரும்பாலும் மருத்துவமனையின் கதவைத் திறந்தன. தாமாக முன்வருவோருக்கும் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருந்தது. ஆயினும் அது பொது வழக்கமாக இருக்கவில்லை. 1946இல் அறிக்கை அளித்த போர் குழுவின் கணக்குப்படி, ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒரு மனநல மருத்துவமனைப் படுக்கையே நாட்டில் இருந்தது. மனநலம் என்றாலே படுக்கையும் பூட்டும் நினைவுக்கு வந்த காலம் அது. உளச்சிகிச்சை என்னும் சொல்லைக் கேட்டவுடன் இன்றும் பல வீடுகளில் எழும் அச்சத்திற்கு இந்தப் பழைய நினைவும் ஒரு காரணம் எனலாம்.

இதற்கு இணையாக இன்னொரு மரபு கல்கத்தாவில் தொடங்கியது. கிரீந்திரசேகர் போஸ் (1887–1953) மருத்துவப் பட்டம் பெற்றவர். தொடக்கத்தில் அறிதுயில் முறையைக் கையாண்டவர். உள்ளத்தில் அமுக்கப்படும் விழைவுகளைப் பற்றிய தம் ஆய்வு நூலை 1921இல் சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு அனுப்பினார். இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்திக்கவில்லை. கடிதத் தொடர்பு மட்டும் 1937 வரை நீடித்தது. 1922இல் பார்சிபாகான் சந்திலிருந்த போஸின் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் தோன்றியது. 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநலப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. பொது மருத்துவமனை ஒன்றில் இந்தியாவில் அமைந்த முதல் மனநலப் புறநோயாளர் பிரிவாக அது குறிப்பிடப்படுகிறது. காய்ச்சலுக்கு மருந்து வாங்க வருபவரைப் போலவே மனத்துயருடையவரும் வந்து, பேசிவிட்டு, வீடு திரும்பலாம் என்ற எண்ணத்திற்கு அங்கே ஓர் உருவம் கிடைத்தது.

போஸின் வாழ்க்கை இரண்டாவது கேள்விக்கும் ஒளி தருகிறது. ஐரோப்பிய நோயரிடம் வலுவாகத் தென்பட்ட சில அச்சங்கள் தம் இந்திய நோயரிடம் அதே அளவில் காணப்படவில்லை என்று அவர் ஃப்ராய்டுக்கே எழுதினார். நோயர் தம்மை எதிர்த்தரப்பில் நிறுத்திக் கற்பனை செய்து பார்க்கும் முறை ஒன்றையும் தாமே வகுத்தார். புகழ்பெற்ற முறை என்பதனாலேயே அது எல்லோருக்கும் பொருந்திவிடாது என்னும் தெளிவு, இந்திய உளச்சிகிச்சையின் முதல் தலைமுறையிலேயே இருந்தது.

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயரின் குடும்பத்தினரையும் வளாகத்தில் கூடாரம் அமைத்துத் தங்கச் செய்தார். நோயை அவர்களுக்கு விளக்கி, பராமரிப்பில் பங்குபெறச் செய்தார். விட்டுச் செல்லும் இடமாக இருந்த மருத்துவமனை உடனிருக்கும் இடமாக மாறியது. 1973இல் மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நேகி, குரு–சீடர் உறவை உளச்சிகிச்சைக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாம் என்று எழுதினார். இந்திய நோயர் ஒதுங்கி நின்று கேட்பவரைவிட, உரிமையோடு வழிகாட்டுபவரையே எதிர்பார்க்கிறார் என்பது அக்கருத்தின் அடிப்படை. அது ஆழமான கருத்து. எனினும் அதில் ஓர் இடர் உண்டு. குருவிடம் சீடன் தன்னை ஒப்படைக்கிறான். சிகிச்சை பெறுபவரோ கேள்வி கேட்கலாம், மறுக்கலாம், வேறொருவரிடம் செல்லலாம். இவ்வேறுபாடு மறக்கப்பட்டால் நம்பிக்கை அடிமைத்தனமாகிவிடும்.

அப்படியானால் தகுதியானவர் யார்? 1954இல் பெங்களூரில் அமைந்த அகில இந்திய மனநல நிறுவனம், பின்னாளைய நிம்ஹான்ஸ், மருத்துவ உளவியலில் முறையான பயிற்சியைத் தொடங்கியது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் மருத்துவ உளவியலாளர்களுக்குப் பதிவேட்டை உருவாக்கியது. மருந்து எழுதும் மனநல மருத்துவர் வேறு. பேச்சுவழிச் சிகிச்சையிலும் உளவியல் சோதனைகளிலும் பயின்ற மருத்துவ உளவியலாளர் வேறு. ஆலோசகர், தெரபிஸ்ட் என்னும் பெயர்களுக்கோ நெடுங்காலம் தனிப் பதிவு இருக்கவில்லை. அவர்களில் பலரை ஒழுங்குமுறைக்குள் கொணரும் சட்டம் 2021இல்தான் இயற்றப்பட்டது. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஒருவரின் பயிற்சியை அறிய முடியாத நிலைக்கு இதுவே வரலாற்றுக் காரணம்.

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பழைய சட்டங்களின் நோக்கையே திருப்பிவைத்தது. மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை. நோயரைப் பற்றிய செய்திகளை மறைவாகக் காப்பது கடமை. தம் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் ஒருவருக்கு உண்டு என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும் என்று அது வகுத்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணுக்கு எவரும் அழைக்கலாம். எவருடைய ஆணையும் தேவையில்லை.

ஆகவே, உளச்சிகிச்சைக்குச் செல்லத் தயங்குபவர் பைத்தியம் என்ற பட்டத்தை ஏற்பது பற்றி முடிவெடுக்கவில்லை. நூறாண்டுப் போராட்டத்தில் கிடைத்த உரிமை ஒன்றைப் பயன்படுத்துவது பற்றியே முடிவெடுக்கிறார். உறக்கமும் உணவும் வேலையும் உறவும் வாரக்கணக்கில் குலைந்திருந்தால் ஒருமுறை சென்று பார்ப்பதற்கு அதுவே போதிய காரணம். முதல் சந்திப்பில் பயிற்சி, பதிவு, சிகிச்சை முறை, கட்டணம், மறைகாப்பு ஆகியவற்றைக் கேட்பது அவமரியாதை ஆகாது. மனம் திறக்கக்கூடிய மொழியில் பேச இயலுகிறதா, சாதியும் பாலினமும் குடும்பச் சூழலும் தீர்ப்பின்றிக் கேட்கப்படுகின்றனவா என்பதைச் சில சந்திப்புகளில் உணரலாம். பொருந்தவில்லை எனில் அதை அவரிடமே சொல்லலாம். மாற்றமில்லையேல் வேறொருவரை நாடலாம். ஒருவரிடம் பயன் கிட்டாதது நோயரின் தோல்வியும் அன்று, சிகிச்சையே பயனற்றது என்பதற்குச் சான்றும் அன்று. ஃப்ராய்டின் முறையையே தம் நோயருக்கேற்ப மாற்றிக்கொண்டார் போஸ். தமக்கேற்ற சிகிச்சையாளரைத் தேடும் உரிமை நோயருக்கு அதைவிடக் குறைந்ததன்று.