சட்டமன்றம் சென்ற துறவி

"பதவி கிடைத்தால்தான் சமுதாயத் தொண்டு செய்ய முடியும்" என்று நம் இளைஞர்கள் சிலர் கூறக் கேட்கிறோம். அது சரிதானா என்பதற்குச் சுவாமி சகஜானந்தரின் வாழ்க்கையே விடை பகரும்.

1890ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் ஓர் ஏழை ஆதிதிராவிடக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் கிறித்தவ மிஷன் பள்ளியில் பயின்றார். மதம் மாற இசையாமையால் கல்வி தடைப்பட்டது. கோலார் தங்கவயலில் உடலுழைப்பை மேற்கொண்டார். பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, துறவு பூண்டு, சகஜானந்தர் ஆனார்.

1910இல் அவர் சிதம்பரம் வந்தார். நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக் கோயிலுள் புகுந்தார் எனப் பெரியபுராணம் கூறும். அந்த ஊரிலேயே, அந்த நந்தனாரின் பெயராலேயே, 1916இல் சுவாமிகள் கல்விக் கழகம் கண்டு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தோர் 25 பிள்ளைகள். இனி நம் பிள்ளைகள் தீயில் இறங்க வேண்டா, பள்ளிப் படி ஏறினால் போதும் என்பதே அச்செயலின் பொருள் என்று நாம் கொள்கிறோம்.

பள்ளி தொடங்கிப் பத்தாண்டுகள் கழித்தே, 1926இல், அவர் சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினரானார். 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் தொகுதி அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது. உறுப்பினராக இருக்கும்போதே 1959 மே 1ஆம் நாள் மறைந்தார். பதவி அவரிடம் வந்தபோது பள்ளி முன்னரே நின்றுகொண்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

அமெரிக்க நாட்டிலும் இத்தகைய ஒருவர் வாழ்ந்தார். கறுப்பினச் சமய போதகரான ஹைரம் ரெவல்ஸ், 1870 பிப்ரவரி 25இல் மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் செனட் சபையில் அமர்ந்தார். அச்சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. அவருக்குக் குடியுரிமைத் தகுதி போதாது என்று சிலர் வாதிட்டனர். 48 பேர் ஆதரிக்க, 8 பேரே எதிர்த்தனர். ஓராண்டில் பதவிக்காலம் முடிந்ததும், கறுப்பின மாணவர்க்கென 1871இல் தோன்றிய அல்கார்ன் கல்வி நிலையத்தின் முதல் தலைவரானார். நம்மவர் பள்ளியிலிருந்து சபைக்குச் சென்றார். அவர் சபையிலிருந்து கல்விக்கூடத்திற்குச் சென்றார். இருவர்க்கும் கல்வியே நிலையான பணி.

மல்லாங்கிணறு வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் கருவேல மரம் வெட்டவும் கரிமூட்டம் போடவும் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றனர். ஜூன் மாதத்தில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் சொல்லி அழைக்கையில், விடை வாராத பெயர்களை நாம் அறிவோம்.

இளைஞர்களே! அப்பெயருக்குரிய வீட்டுக்கு நடந்து செல்ல எந்தப் பதவியும் வேண்டுவதில்லை. இவ்வெள்ளி விழா ஆண்டில், படித்த நீங்கள் ஒவ்வொருவரும் நின்றுபோன ஒரு பிள்ளையை, ஆணாயினும் பெண்ணாயினும், மீண்டும் பள்ளியில் சேர்த்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை துணை நில்லுங்கள். சுவாமிகள் தொடங்கியதும் 25 பிள்ளைகளோடுதான்.