பீடி, புகையிலையை விட நினைப்பவருக்கு ஊர் என்ன செய்யலாம்? கல்வராயன் மலையை முன்வைத்து ஒரு விளக்கம்

"நாளையில இருந்து விட்டுடறேன்..." புகைப்பவர் இருக்கும் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. விட முடியாமல் போனால், மன உறுதி இல்லை என்று அவரையே குறை சொல்கிறோம். ஆனால் வேலை செய்யும் இடத்தில் கூட இருக்கும் நாலு பேரும் பீடி பற்ற வைக்கிறார்கள். தெருமுனைப் பெட்டிக்கடையில் கடனுக்கும் கிடைக்கிறது. இதில் ஒருவர் மட்டும் தனியாக எப்படி விடுவது?

2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கே இருக்கிறது கல்வராயன் மலை. மலையாளி பழங்குடியினர் வாழும் சின்னச் சின்ன ஊர்கள். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகப் போக ஆஸ்பத்திரி தூரமாகிக்கொண்டே போகும்.

இதே மாவட்டத்தில்தான் 2024 ஜூனில், கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். "இவ்வளவு நாளா வித்தது யாருக்கும் தெரியாதா?" என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். புகையிலையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை. அது ஒரே ராத்திரியில் கொல்வதில்லை. இருபது, முப்பது வருஷம் எடுத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் குறைந்ததா, கூடியதா?

இந்திய அளவில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 2009-10இல் 34.6 சதவீதம். 2016-17 கணக்கெடுப்பில் இது 28.6 சதவீதமாகக் குறைந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் கூடியது. நாட்டு சராசரியைவிடக் குறைவுதான், ஆனாலும் போன திசை சரியில்லை.

பீடி வெறும் இலைதானே?

இல்லை. உள்ளே இருப்பது புகையிலை. பீடி சீக்கிரம் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போவது சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்குப் புகை இல்லை; வாய்ப் புற்றுநோய் ஆபத்து இருக்கிறது.

ஊர் கையில் என்ன இருக்கிறது?

2003ஆம் ஆண்டு சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கவே கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பள்ளி அருகே விற்றால் தலைமையாசிரியரே அபராதம் போடலாம். பல பேருக்கு இது தெரியாது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதலே தடை.

ஆனால் 200 ரூபாய்க்கு யாரும் பயப்படப் போவதில்லை. கடைக்காரரும் சொந்தக்காரராக இருக்கும் ஊரில் அதிகாரியைவிட ஊர்ப் பேச்சுக்குத்தான் மதிப்பு. நாகாலாந்தின் கரிஃபெமா கிராமம் இதைச் செய்து காட்டியது. ஊர்ச் சபையே கூடி, விற்பனைக்கும் பொது இடத்தில் பயன்படுத்துவதற்கும் அபராதம் என்று முடிவெடுத்தது. 2014 மே 31 அன்று நாட்டின் முதல் புகையிலையில்லா கிராமமாக அறிவிக்கப்பட்டது. இங்கே அதற்குக் கிராம சபை இருக்கிறது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் ரோடு, தண்ணீரோடு இதையும் ஒரு தீர்மானமாக வைக்கலாம்.

விடுகிறவருக்கு என்ன உதவி?

முதல் மூணு நாள்தான் ரொம்பக் கஷ்டம். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் வரும். அநேகமாக ரெண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கிவிடும். 'இப்பவே வேணும்' என்ற அரிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிஷம்தான். தண்ணீர் குடித்து, பேச்சுக் கொடுத்து அதைத் தள்ளிப்போட்டால் போதும். வீட்டில் இருப்பவர்கள் அந்த வாரம் அவர் எரிந்து விழுந்தாலும் பொறுத்துப் போகணும். கூட வேலை செய்பவர்கள் "ஒண்ணே ஒண்ணு" என்று நீட்டாமல் இருந்தாலே பாதி உதவி. நிகோடின் சூயிங்கம் பற்றி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்கலாம்.

மலையிலிருந்து இறங்க முடியாதவர்களுக்கு 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம். காலை 8 முதல் இரவு 8 வரை. திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. அதனால் செவ்வாய்க்கிழமை விடத் தொடங்கினால், கஷ்டமான முதல் மூணு நாளும் பேச ஆள் இருப்பார்கள். 'செவ்வாயோ வெறுவாயோ' என்று தயங்குபவர்கள், புதன்கிழமை தொடங்கலாம்.